வாசலிலேயே நிறுத்துவோம்



ஐப்பசி மழை ஓய்ந்து கார்த்திகை பிறந்ததும் எங்கள் கொல்லிமலையில் பொழுது சாய்வதற்கு முன்பே குளிர் இறங்கிவிடும். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே வருகின்ற அன்பர்களுக்கு அந்தக் குளிர் ஓர் ஆனந்தம். இங்கேயே குடியிருக்கும் எங்களைப் போன்ற முதியவர்களுக்கோ அது கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே அடங்கும் காலம். நாம் உள்ளே வந்து கதவைச் சாத்துகின்ற அதே நாட்களில், நம்மோடு உள்ளே வர விரும்புகின்ற ஒரு கூட்டமும் உண்டு. இந்த வாரம் அந்தக் கூட்டத்தைப் பற்றியே எழுதப் போகிறேன். அது பூச்சிக் கூட்டம். பக்தி இதழில் இதற்கென்ன இடம் என்று நினைப்பவர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். இது பூஜை அறையில் தொடங்கிய விஷயம்.

வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, செம்மேட்டுக்கு அருகே காப்பிச் செடிகளும் மிளகுக் கொடிகளும் சூழ்ந்த ஒரு சிறிய ஓட்டு வீட்டில் நானும் என் மனைவியும் குடியேறி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. முதல் ஆண்டு திருக்கார்த்திகை அன்று மாலை அவள் பூஜை அறையில் விளக்கேற்றி, பொரி உருண்டைத் தட்டை நிவேதனத்துக்கு வைத்தாள். எங்கிருந்தோ விர்ரென்ற ஓசையுடன் ஒரு பூச்சி வந்தது. கட்டைவிரல் நகத்தின் அளவு, கேடயம் போன்ற உருவம், மரப்பட்டையின் நிறம். விளக்கை இரண்டு முறை சுற்றிவிட்டுத் தட்டில் விழுந்தது. அவள் அதை விரலால் தள்ளியதுதான் தாமதம், அறை முழுவதும் ஒரு காரமான நெடி பரவியது. அந்தப் பொரியை சுவாமிக்கு வைக்க மனம் ஒப்பவில்லை. மறுநாள் திரைச்சீலையின் மடிப்புகளை உதறினேன். இருபத்து மூன்று பூச்சிகள் விழுந்தன. சுவாமி படங்களுக்குப் பின்னே பதினொன்று. எண்ணிப் பார்ப்பது என் தொழில் பழக்கம், இன்னும் விடவில்லை.

பொதுவாக இதை நாற்றப்பூச்சி என்கிறோம். வேளாண் அலுவலர்கள் இந்தக் குலத்தை நாவாய்ப்பூச்சி என்று குறிப்பிடுவார்கள். நெற்கதிரில் பால் உறிஞ்சும் கதிர் நாவாய்ப்பூச்சி, அவரையிலும் தக்காளியிலும் காணப்படும் பச்சை நாவாய்ப்பூச்சி எனப் பல வகைகள் உண்டு. ஊசி போன்ற வாயால் செடியின் சாற்றை உறிஞ்சி வாழ்வன இவை. வளர்ந்த பூச்சியின் மார்புப் பகுதியில் நாற்றச் சுரப்பிகள் உள்ளன. நசுக்கினாலோ மிரட்டினாலோ அவற்றிலிருந்து ஒரு திரவம் கசியும். பறவைகளிடமிருந்தும் பல்லிகளிடமிருந்தும் தப்ப இறைவன் கொடுத்த ஆயுதம் அது ஒன்றே. அந்த நெடியைக் கூர்ந்து கவனித்தவர்களுக்குப் பச்சைக் கொத்தமல்லித் தழையின் நினைவு வரும். அது கற்பனை அன்று. கொத்தமல்லித் தழைக்கு மணம் தரும் ஆல்டிஹைடு என்னும் வேதிப்பொருள்களில் சில இப்பூச்சியின் திரவத்திலும் இருக்கின்றன. நாம் ரசத்தில் விரும்பிச் சேர்ப்பதும், பூஜை அறையில் முகம் சுளிப்பதும் ஏறத்தாழ ஒரே பொருள்தான்.

இனி, நான் செய்த தவறைச் சொல்கிறேன். அந்த வாரமே கடையிலிருந்து ஒரு பூச்சிக்கொல்லித் தெளிப்பானை வாங்கி வந்தேன். புட்டியின்மேல் அச்சிட்டிருந்த எச்சரிக்கைகளை, கடன் பத்திரத்தின் பொடி எழுத்துகளைப் படிக்காமல் கையெழுத்திடும் வாடிக்கையாளரைப் போல, நானும் படிக்கவில்லை. குளிருக்காக எல்லா ஜன்னல்களையும் சாத்திய வீட்டில், இரவு ஏழு மணிக்கு, அறை அறையாகத் தெளித்தேன். என் மனைவிக்கு நெடுநாளாக வீசிங் உண்டு. ஒன்பது மணிக்கு அவளுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. பத்து மணிக்குப் பேச்சு வரவில்லை. அண்டை வீட்டார் வண்டி எடுத்தார்கள். மூடுபனியில் முன்னே பத்தடி தெரியாத இரவில், எழுபது வளைவுகளையும் இறங்கி நாமக்கல் சென்று சேர்ந்தோம். ஒவ்வொரு வளைவிலும் அவளுடைய மூச்சைக் கேட்டுக்கொண்டே சென்றேன். கொல்லிப்பாவையையும் அறப்பளீஸ்வரரையும் அன்று அழைத்தது போல் நான் என்றும் அழைத்ததில்லை. மூன்று நாட்கள் மருத்துவமனையில் இருந்து அவள் நலமாகத் திரும்பினாள். வீட்டுக்கு வந்ததும் என்னைப் பார்த்து, "அந்தப் பூச்சி நம்மை என்னங்க செஞ்சுது?" என்று மட்டும் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

உண்மையில் அது எதுவும் செய்யவில்லை. குளிருக்கு ஒதுங்க வரும் இந்தப் பூச்சி மனிதரைக் கடிப்பதில்லை. கொசுவைப் போல நோயைப் பரப்புவதுமில்லை. அதன் திரவம் கண்ணில் பட்டால் எரியும். தோலில் பட்டால் சிலருக்கு அரிக்கும். சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். நான் தெளித்த மருந்தால் பூச்சித் தொல்லையும் தீரவில்லை. சுவரின் விரிசல்களிலும் ஓட்டின் இடுக்குகளிலும் செத்துக் கிடந்த பூச்சிகளைத் தின்னச் சிறு வண்டுகள் வந்து சேர்ந்தன. ஒரு கடனை அடைக்க வட்டிக்கு இன்னொரு கடன் வாங்கிய கதையாயிற்று.

பக்கத்து நிலத்து மலையாளிப் பெரியவர் ஒருவர் நலம் விசாரிக்க வந்திருந்தார். நடந்ததைக் கேட்டுவிட்டு, "ஐயா, மழை நின்னு பனி எறங்குனா அதுங்களும் வீடு தேடுமுங்க. உள்ள வந்த பொறவு அடிச்சு என்னங்க ஆகப்போவுது? வர்ற வழியப் பாருங்க" என்றார். சாமையும் தினையும் விளைவித்து, ஆண்டுதோறும் மண் சுவருக்குச் சாணம் மெழுகி விரிசல் அடைத்து வாழ்ந்தவர் அவர். அந்தச் சொல்லின் முழுப் பொருள் எனக்கு விளங்கியது கடல் கடந்து சென்றபோதுதான்.

எங்கள் மகள் அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தில் வசிக்கிறாள். மூன்று ஆண்டுகளுக்கு முன் நவராத்திரியை ஒட்டி அங்கே சென்றிருந்தோம். பிரிட்ஜ்வாட்டர் வேங்கடேசப் பெருமாளைச் சேவித்துவிட்டு வீடு திரும்பிய ஒரு பிற்பகல், வெயில் விழுந்த மேற்குச் சுவரைப் பார்த்துத் திகைத்து நின்றேன். நூற்றுக்கணக்கில் அதே கேடய உருவம்! கொல்லிமலையிலிருந்து எனக்கு முன்பே புறப்பட்டு வந்துவிட்டனவோ என்று தோன்றியது. ஆனால் இது வேறு வகை. மீசைகளில் வெண்ணிறப் பட்டைகள் உள்ள பழுப்பு நாற்றப்பூச்சி. இதன் பிறப்பிடம் சீனா, ஜப்பான், கொரியா முதலிய நாடுகள். சரக்குகளோடு ஒட்டிக்கொண்டு வந்து, 1990களின் பிற்பகுதியில் பென்சில்வேனியா மாநிலத்தின் ஆலன்டவுன் நகரில் தென்பட்டது. இன்ன பூச்சி என்று 2001ஆம் ஆண்டில்தான் அறிஞர்கள் இனம் கண்டார்கள். அதற்குள் அது வேரூன்றிவிட்டது.

அதன் பெருக்கத்துக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். மேரிலாந்து மாநிலத்தில் உயிரியலாளர் ஒருவர் 2011ஆம் ஆண்டு ஜனவரி முதல் ஜூன் வரை தம் ஒரே வீட்டுக்குள் பிடித்த பூச்சிகளை எண்ணி எழுதி வைத்தார். மொத்தம் 26,205. என் இருபத்து மூன்றும் பதினொன்றும் அதன் முன் எம்மாத்திரம்! அதற்கு முந்தைய 2010ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிழக்குப் பகுதி மாநிலங்களில் ஆப்பிள் விளைச்சலுக்கு மட்டும் இப்பூச்சியால் ஏற்பட்ட இழப்பு 3 கோடியே 70 லட்சம் டாலர். 2018ஆம் ஆண்டில் ஜப்பானிலிருந்து கார்களை ஏற்றி வந்த சில கப்பல்களை, இப்பூச்சி இருந்த காரணத்தால், நியூசிலாந்து தன் கரையில் சரக்கு இறக்க விடாமல் திருப்பி அனுப்பியது. ஒரு தேசமே தன் வாசலில் நின்று தடுத்த பூச்சி இது.

இது ஏன் வீட்டைத் தேடுகிறது? புரட்டாசி, ஐப்பசியில் அங்கே பகல் குறுகத் தொடங்கியதும் இப்பூச்சி இனப்பெருக்கத்தை நிறுத்திக்கொள்கிறது. உணவையும் நாடுவதில்லை. பனிக்காலம் முழுவதும் அசையாமல் கிடக்க, ஈரமில்லாத ஒரு குறுகிய இடுக்கு வேண்டும். காட்டில் அதற்குப் பட்டுப்போன மரத்தின் பட்டையும் பாறைப் பிளவும் உண்டு. நம் வீடும் அதன் கண்ணுக்கு ஒரு பெரிய காய்ந்த மரம். சுவரின் வெடிப்பு வழியே நுழைந்து பரணிலும் சுவரிடுக்கிலும் ஒண்டிக்கொள்ளும். வெயில் காயும் நாளில், அல்லது வீட்டுக்குள் கதகதப்பு மிகும்போது, பருவம் மாறிவிட்டது என்று மயங்கி விழித்து, ஜன்னல் வெளிச்சத்தை நோக்கிப் பறக்கும். நாம் அதைப் படையெடுப்பு என்கிறோம். அதுவோ வெளியே போக வழி தேடுகிறது.

அந்த வீட்டில் ஒரு வழக்கும் நடந்துகொண்டிருந்தது. என் மகள் ஒரு டம்ளரில் பாதித் தண்ணீர் எடுத்துப் பாத்திரம் கழுவும் சோப்பை இரண்டு சொட்டு விடுவாள். அதைப் பூச்சிக்குக் கீழே பிடித்து லேசாகத் தட்டினால் பூச்சி நேரே கீழே விழும். சோப்பு நீரில் மிதக்க இயலாமல் மூழ்கிவிடும். அந்த ஊர் வேளாண் அறிஞர்கள் சொல்லும் முறை இதுவே. எட்டு வயதுப் பேத்திக்கு அது பொறுக்கவில்லை. அவள் தன் பங்குக்கு ஒரு கண்ணாடிப் புட்டியில் பூச்சிகளைப் பிடித்து, தோட்டத்துக் கொட்டகையில் பழைய செய்தித்தாள்களை அடைத்த மரப்பெட்டியில் விட்டுக்கொண்டிருந்தாள். ஒருநாள் இருவரும் என்னிடம் வந்தார்கள். "தாத்தா, பூச்சியைக் கொன்னா பாவமா இல்லையா? நீங்களே சொல்லுங்க" என்றாள் பேத்தி. "அப்பா, நாம வெளியே விட்டா வசந்த காலத்துல அது பழத்தோட்டத்துக்குத்தான் போகும். அந்த விவசாயி என்ன பாவம் செஞ்சார்?" என்றாள் மகள்.

முப்பத்தைந்து ஆண்டுகள் இரு தரப்புக் கணக்குகளைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னவன்தான் நான். அன்று உடனே வாய் திறக்கவில்லை. அன்றிரவு சாத்தமங்கையில் வாழ்ந்த திருநீலநக்க நாயனாரின் சரிதம் நினைவுக்கு வந்தது. அயவந்தி ஆலயத்தில் அவர் பூசித்துக்கொண்டிருந்தபோது சிவலிங்கத்தின் மேல் ஒரு சிலந்தி விழுந்தது. அருகில் நின்ற மனைவியார் பதறி, குழந்தையின் மேல் விழுந்த பூச்சியைத் தாய் ஊதித் தள்ளுவது போல, வாயால் ஊதித் தள்ளினார். அது அபசாரம் என்று கருதிய நாயனார் மனைவியைத் துறந்து வீடு திரும்பினார். அன்றிரவு இறைவன் கனவில் தோன்றி, அம்மையார் ஊதிய இடம் தவிர மற்ற இடமெல்லாம் சிலந்தியால் கொப்புளம் கண்டிருப்பதைக் காட்டினார். இச்சரிதத்தை அன்பின் மேன்மைக்குச் சான்றாகவே சிறு வயது முதல் கேட்டிருக்கிறேன். அன்று எனக்கு இன்னொன்றும் தெரிந்தது. அம்மையார் சிலந்தியை நசுக்கவில்லை. அங்கேயே இருக்கட்டும் என்று விடவும் இல்லை. காக்க வேண்டியதைக் காத்தார். விலக்க வேண்டியதை விலக்கினார்.

மறுநாள் பேத்தியிடம், "நீ சொல்வதும் சரி, அம்மா சொல்வதும் சரி. பூச்சி உள்ளே வந்த பிறகுதானே இந்தச் சண்டை? வராமலே செய்துவிட்டால்?" என்றேன். அந்த வாரம் முழுவதும் தாத்தாவும் பேத்தியும் கொலுப் படிகளைக் கட்டியதைவிட அதிக நேரம் அந்த வீட்டின் விரிசல்களை அடைப்பதில் செலவிட்டோம். அந்தக் குளிர்காலத்தில் வீட்டுக்குள் தென்பட்டவை முந்தைய ஆண்டைக் காட்டிலும் மிகக் குறைவு என்று மகள் தொலைபேசியில் சொன்னாள். ஊர் திரும்பியதும் எங்கள் கொல்லிமலை வீட்டிலும் அதையே செய்தோம். அந்த முறைகளை இங்கே தருகிறேன்.

முதலாவது, காலம். குளிர் வந்த பிறகு அடைத்தால் உள்ளே புகுந்தவற்றை உள்ளேயே பூட்டி வைத்ததாகிவிடும். நம் பெரியோர்கள் நாள் குறித்தே வைத்திருக்கிறார்கள். நவராத்திரிக்கு முன், சரஸ்வதி பூஜைக்காக வீடு முழுவதையும் ஒழித்துத் துப்புரவு செய்கிறோம் அல்லவா? அதுவே சரியான தருணம். அமெரிக்கக் குளிருக்கும் கொல்லிமலைக் குளிருக்கும் அது பொருந்துகிறது. கொங்கு நாட்டில் போகியன்று வேப்பிலையும் ஆவாரையும் பூளைப்பூவும் கூரையில் செருகிக் காப்புக் கட்டுவது நாம் அறிந்ததே. அதற்கு மூன்று மாதம் முன்பாக இன்னொரு காப்புக் கட்டுகிறோம் என்று எண்ணிக்கொள்ளலாம்.

இரண்டாவது, தணிக்கை. நண்பகலில் எல்லாக் கதவு ஜன்னல்களையும் சாத்தி, விளக்குகளை அணைத்துவிட்டு, ஒவ்வோர் அறையிலும் ஐந்து நிமிடம் நில்லுங்கள். எங்கெல்லாம் சூரிய வெளிச்சம் கீற்றாக உள்ளே வருகிறதோ அங்கெல்லாம் பூச்சிக்கும் வழி உண்டு. அந்த இடங்களில் சாக்கட்டியால் குறியிட்டு, ஒரு தாளிலும் எழுதிக்கொள்ளுங்கள். தட்டையான உடல் கொண்ட இப்பூச்சிக்கு ஒரு பென்சில் நுழையும் இடைவெளி ராஜபாட்டை. எங்கள் வீட்டில் முதல் நாள் பத்தொன்பது இடங்கள் கண்டோம்.

மூன்றாவது, அடைப்பு. சுவர் வெடிப்புகளுக்குச் சுண்ணாம்பும் சிமென்டும் கலந்த பூச்சு போதும். ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளிக்கும், மின்கம்பிக் குழாய் நுழையும் துளைக்கும் கடைகளில் கிடைக்கும் சிலிக்கான் பசை ஏற்றது. கதவின் அடியில் ரப்பர் பட்டை பொருத்தலாம். அல்லது பழைய வேட்டித் துணியில் நீளப் பை தைத்து மணல் நிரப்பி, இரவில் கதவோரம் போடலாம். குளியலறைக் காற்றுத் துவாரங்களுக்கும் ஜன்னல்களுக்கும் கொசுவலை அடிக்க வேண்டும். ஓட்டு வீட்டில் சுவரும் கூரையும் சேரும் இடத்தை முழுவதும் அடைக்க இயலாது. அங்கும் கொசுவலையைச் சட்டமிட்டுப் பொருத்தினோம். ஏணி ஏறும் வேலையை நம் வயதினர் செய்ய வேண்டாம். ஒரு நாள் கூலி, இடுப்பெலும்புச் சிகிச்சையைவிட மலிவு.

இங்கே ஓர் எச்சரிக்கை. பூச்சிக்கு அடைக்கிறோம் என்று காற்றை அடைத்துவிடக் கூடாது. சமையலறையின் காற்றுத் துவாரங்களுக்கு, குறிப்பாகக் கேஸ் அடுப்பு உள்ள அறையின் தரையோரத் துவாரத்துக்கு, வலை மட்டுமே அடிக்கலாம், பூசி மூடலாகாது. குளிருக்காகக் கரியடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்துவது உயிருக்கே ஆபத்து. அதிலிருந்து எழும் நச்சுக் காற்றுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

நான்காவது, விளக்கு. அந்திக்குப் பின் எரியும் வெள்ளைக் குழல்விளக்கு பூச்சிகளுக்கு அழைப்பிதழ். வாசலில் மஞ்சள் நிற விளக்கைப் போட்டால் வரவு குறையும். விளக்கு வைக்கும் வேளையில் கொல்லைக் கதவைச் சாத்தி, மகாலட்சுமி வர வாசற்கதவைத் திறந்து வைப்பது நம் வழக்கம். அதைக் கைவிட வேண்டியதில்லை. வாசற்படியில் ஒரு வலைக்கதவு பொருத்தினோம். மரக்கதவு திறந்திருக்கும், வலைக்கதவு சாத்தியிருக்கும். மகாலட்சுமிக்கு வலை ஒரு தடையாகாது. குத்துவிளக்கு எரியும் அந்தக் கால்மணி நேரம் முன் அறையின் மின்விளக்குகளை அணைத்து வைக்கிறோம். பூச்சி வரவு குறைந்ததோடு, அந்த ஒரே தீபத்தின் ஒளியில் செய்யும் பிரார்த்தனையின் சுகமும் கிடைத்தது.

ஐந்தாவது, நாமே தூக்கி வருபவை. கொடியில் உலர்த்திய துணி, பூஜைக்குப் பறித்த பூவும் துளசியும், வாழைத்தார், கீரைக் கட்டு, விறகு ஆகிய ஐந்தின் மூலமும் பூச்சி உள்ளே வருகிறது. துணியை வெளியிலேயே உதறி மடியுங்கள். பூக்கூடையைத் திண்ணையில் கால்மணி நேரம் வையுங்கள். விறகைச் சுவரை ஒட்டி அடுக்காதீர்கள். பரணில் உள்ள கொலு பொம்மைப் பெட்டிகளின் மூடிகளைக் காகிதம் ஒட்டி மூடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒன்றிரண்டு வரத்தான் செய்யும். வந்தால் அடிக்காதீர்கள், அடித்தால் நெடிதான் மிஞ்சும். வாயகன்ற புட்டி ஒன்றையும் தடித்த அட்டை ஒன்றையும் பூஜை அறைக்கு வெளியே வைத்திருங்கள். புட்டியால் மூடி, அட்டையை மெல்ல அடியில் செருகி, வெளியே கொண்டுபோய் விடுங்கள். வேம்புப் புகையோ சாம்பிராணியோ சற்று நேரம் விரட்டும்; புகை அடங்கினால் திரும்பி வரும். வீசிங் உள்ளவர்கள் வீட்டில் அந்தப் புகையும் அளவோடு இருக்கட்டும். மூடிய அறையில் மருந்து தெளிப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். இதை நான் படித்துச் சொல்லவில்லை. எழுபது வளைவுகளில் கற்றுக்கொண்டு சொல்கிறேன்.

பயிரைக் காக்கும் உழவரின் நிலை வேறு. அவருக்கு அது வாழ்வாதாரம். அங்கும் இயற்கையே ஒரு வழி வைத்திருக்கிறது. அமெரிக்காவில் அந்தப் பழுப்புப் பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை இட்டு அதன் பெருக்கத்தைத் தடுக்கும் எள்ளளவுக் குளவி ஒன்று 2014ஆம் ஆண்டில் மேரிலாந்தில் கண்டறியப்பட்டது. அதுவும் ஆசியாவிலிருந்து வந்ததே. சாமுராய் குளவி என்று பெயர். பூச்சி போன வழியே அதன் பகையும் யாரும் அழைக்காமல் போய்ச் சேர்ந்தது. படைத்தவன் கணக்கில் பற்று இருந்தால் வரவும் இருக்கிறது.

பேத்தியின் கேள்வி இன்னும் என்னிடம் இருக்கிறது. இங்கே அறப்பளீஸ்வரர் சந்நிதிக்குச் செல்லும்போதெல்லாம் அதை நினைப்பேன். தேவார வைப்புத் தலமான இக்கோவிலின் அருகே ஓடும் ஆற்று மீன்களைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. அறுத்து உலையிலிட்ட மீன்களும் இறையருளால் உயிர்பெற்றுத் துள்ளி ஆற்றில் பாய்ந்தனவாம். சிற்றுயிரும் அவனுக்கு அந்நியமன்று என்பதையே நம் தலங்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. திருக்கார்த்திகை தீபம் ஏற்றும்போது சொல்லும் சுலோகத்தின் பொருளும் அதுதான். புழு, விட்டில், கொசு, மரம் என எந்த உயிராயினும் இந்த ஒளியைக் கண்டு பிறவித் துன்பம் நீங்கட்டும் என்று வேண்டுகிறோம். அப்படி வேண்டிய கையாலேயே அன்று நான் தெளிப்பானை எடுத்தேன்.

திருவானைக்காவின் கதை எல்லோரும் அறிந்தது. இறைவன் திருமேனியில் சருகு விழாமல் சிலந்தி வலை பின்னியது. அது அசுத்தம் என்று யானை அழித்தது. இருவரின் பக்தியும் மெய். இருவரும் பகைத்து மாண்டார்கள். அந்தச் சிலந்தியே கோச்செங்கட் சோழனாகப் பிறந்தது. மன்னனான பின் அவன் யானைகளின்மேல் படையெடுக்கவில்லை. யானை ஏற முடியாதபடி உயர்ந்த மேடையும் குறுகிய வாயிலும் கொண்ட மாடக் கோவில்களை எழுப்பினான். முற்பிறவிப் பகைக்கு அவன் கண்ட தீர்வு, வாயிலைச் சற்றுக் குறுக்கியதுதான். பேத்தி அடுத்த முறை ஊருக்கு வரும்போது இந்தக் கதையை அவளுக்குச் சொல்ல வைத்திருக்கிறேன்.

சென்ற திருக்கார்த்திகையன்று எங்கள் பூஜை அறைக்கு வந்தது ஒரே ஒரு பூச்சி. என் மனைவி அதைப் புட்டியில் மூடி, அட்டையைச் செருகி, அவளே திண்ணைக்குக் கொண்டுபோனாள். அங்கே வரிசையாக அகல்கள் எரிந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு எட்டிய தூரத்தில், மிளகுக் கொடி ஏறிய மரத்தடியில், புட்டியைச் சாய்த்துவிட்டாள். பிறகு உள்ளே வந்து வலைக்கதவைச் சாத்திக்கொண்டு பொரியை நிவேதனம் செய்தாள். அவளுடைய மூச்சு சீராக இருந்தது.

நவராத்திரி வருவதற்குள் ஒரு நண்பகல் உங்கள் வீட்டிலும் விளக்கை அணைத்துவிட்டுச் சற்று நில்லுங்கள். வெளிச்சம் எந்த வழியே வருகிறது என்று பாருங்கள்.

அறப்பள்ளி மேவிய பெருமான் எல்லோரையும் காத்தருள்வாராக. அடுத்த வாரம் சந்திப்போம்.